விரலை அறுத்த யந்திரத்துக்கு நன்றி சொல்வதா?

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும், வாழ்வில் முன்னேறுவது எப்படியென்று போதிக்கும் கூட்டங்களிலும் ஒரு கதை கூறப்பட நாம் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து ஆலையொன்றில் வேலைசெய்த பையன் ஒருவன் யந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தான்; ஆயினும் மனந்தளராது கிற்றார் வாசித்தான்; அவ்விழப்பே அவனுக்குப் புதியதோர் இசையை அருளிற்று; புகழும் செல்வமும் அவன் காலடியில் வந்து வீழ்ந்தன; ஆகவே மாணவச் செல்வங்களே, துன்பமெல்லாம் வரமென்று கொள்ளுங்கள். கதை முடிகிறது, கைதட்டல் எழுகிறது, பிரதம விருந்தினர் மாலையுடன் காரில் ஏறுகிறார்.

இக்கதை பொய்யென்று நாம் கூறவில்லை. பொய்யாயிருந்தால் மறுப்பது எளிது. அதில் வரும் சம்பவங்கள் உண்மையானவை. அவற்றைக் கோத்திருக்கும் நூல்தான் பொய். அந்தப் பொய் சிறுவர்களின் செவியில் ஓதப்படுகிறது என்பதாலும், ஓதுவோருள் நம்மவரான ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பதாலும் இங்கு சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கதையின் நாயகர் ரொனி அயோமி. 1948 பெப்ரவரி 19 ஆந் திகதி பேர்மிங்காமில், இத்தாலிய வழிவந்த குடும்பமொன்றில் ஒரே பிள்ளையாகப் பிறந்தவர். உலகம் இன்று 'ஹெவி மெற்றல்' என்றழைக்கும் கனத்த றொக் இசையின் மூலவர்களென மதிக்கப்படும் 'பிளக் சபத்' குழுவின் கிற்றார் கலைஞர். அக்குழுவின் மற்றை மூவரும் அதே நகரத்தின் அஸ்ரன் பகுதித் தெருக்களில் வளர்ந்தவர்களே. பாடகர் ஓசி ஒஸ்போர்ன் பதினைந்து வயதிற் பாடசாலையை விட்டு, மாடறுக்குங் கொட்டிலில் வேலை பார்த்தவர். சிறு களவொன்றுக்காக விதிக்கப்பட்ட தண்டத்தைக் கட்ட வழியின்றிச் சில வாரங்கள் சிறையில் இருந்தவர். கீசர் பட்லர் ஏழு பிள்ளைகளுள் இளையவர், கணக்கெழுதப் பயின்றவர். முரசு வாசித்தவர் பில் வோட். போரிற் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் குவியல்களே இத்தலைமுறைப் பிள்ளைகளின் விளையாட்டிடம்.

1965 இல் அயோமிக்கு வயது பதினேழு. தகட்டு ஆலையொன்றில் வெல்டிங் வேலை. ஜேர்மனிக்கு வாசிக்கச் செல்லும் குழுவொன்றில் இடங்கிடைத்திருந்தது. ஆலையில் அன்றுதான் கடைசி நாள். மதிய உணவுக்கு வீடு சென்றவர் இனித் திரும்பிப் போவதில்லையென்று தாயிடம் கூறினார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பினார். உழைப்பாளி வீட்டுத் தாய் வேறென்ன சொல்வாள்? அன்று தகட்டை வளைத்துக் கொடுக்கும் ஆள் வேலைக்கு வரவில்லை. அந்த ஆளின் இடத்தில், அதிற் பழக்கமில்லாத அயோமி நிறுத்தப்பட்டார். காலால் மிதித்து இயக்கும் பெரிய அழுத்து யந்திரம் அது. அது கையின்மேல் இறங்கிற்று. கையை இழுத்தபோது நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனிகள் அதனோடு போயின. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். தந்திகளை அழுத்துவது அவருக்கு வலக்கை. அறுந்தது அந்த வலக்கை விரல்களே. இனி வாசிக்க நினைக்காதே என்றார்கள் வைத்தியர்கள்.

இதுவரை நடந்தவற்றுள் வரம் எது? பழகாத ஒருவனைப் பழகாத யந்திரத்தில் நிறுத்துவது வரமா? வராத ஆளுக்குப் பதிலாள் வைக்காது உற்பத்தியைத் தொடர்வது வரமா? யந்திரங்களின் அபாயகரமான பகுதிகளுக்குத் தடுப்பு இடவேண்டுமென்று 1961 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பிரித்தானியாவில் ஏற்கெனவே விதித்திருந்தது. வேலைத்தலத்துச் சுகாதாரமும் பாதுகாப்பும் பற்றிய விரிவான சட்டம் 1974 இல் வந்தது. அச்சட்டங்களின் ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் கைகளும் விரல்களும் உயிர்களும் இருக்கின்றன. பேர்மிங்காமின் ஆலைகளில் விரலிழந்த எல்லோரும் மேடையேறினார்களா? அவர்களுடைய இழப்புப் பாட்டாகவில்லை. ஆகவே அவர்களைப் பற்றிக் கதையுமில்லை. ஆயிரம் பேரை மறைத்துவிட்டு ஒருவரைக் காட்டி, பார்த்தாயா, துன்பம் மனிதனை உயர்த்துகிறது என்று கூறும் இந்தத் தர்க்கம் யாருக்கு உதவுகிறது என்பதை ஆசிரிய நண்பர்கள் ஆற அமர யோசித்துப் பார்க்கட்டும். யந்திரத்தின் சொந்தக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான தத்துவம் உண்டோ?

சரி, யந்திரம் தரவில்லையென்றால் இசையைத் தந்தது எது?

முதலாவது, ஒரு மனிதனின் வருகை. விரல்கட்டுடன் வீட்டிற் சோர்ந்து கிடந்தவரைப் பார்க்க ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. கேள் என்றார். கேட்கும் மனநிலையில் அயோமி இல்லை. கேட்டு முடிந்த பின்னர், இதை வாசித்தவன் இடக்கையில் இரண்டு விரல்களாலேதான் சுரம் பிடிக்கிறான் என்று அவர் சொன்னார். அந்தக் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹாட். 1910 இல் பெல்ஜியத்திற் பிறந்த ரோமானி நாடோடி இனத்தவர்; 1928 இல் தாம் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழக்க, மீந்த விரல்களுக்கேற்ப வாசிப்பு முறையையே புதிதாக வகுத்து ஐரோப்பிய ஜாஸ் இசையின் முதல்வர்களுள் ஒருவராகி, 1953 இல் மறைந்தவர். ஆலையை நடத்திய முதலீடு அந்தத் தட்டைக் கொண்டுவரவில்லை. ஆலைக்குள் இருந்த ஒரு மனிதர் கொண்டுவந்தார். இந்த வேற்றுமையை அழித்துவிடுகிறது பரிசளிப்பு விழாக் கதை.

இரண்டாவது, தொழிலாளியின் கைப்பழக்கம். இதையே நாம் மிக முக்கியமென்று கருதுகிறோம். எந்தப் பேச்சாளரும் இதை ஒரு வாக்கியத்துக்கு மேல் விரிப்பதில்லை. அயோமி பாத்திரம் கழுவுந் திரவத்தின் பிளாஸ்திக்குப் போத்தலொன்றை எடுத்தார். அதை உருக்கி உருண்டையாக்கினார். சுட்ட பற்றாசுக்கோலால் அதிலே விரல் நுழையத் துளையிட்டார். அறுந்த விரலின் அளவுக்கு அதை அராவி அராவித் தேய்த்தார். வழுக்கிற்று, தந்தியைப் பற்றவில்லை. பழைய மேற்சட்டையொன்றின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். புதுத் தோல் தந்தியில் இசைந்து வரும்வரை பொறுமையாகப் பழக்கினார். இப்படி உருவாயின அவருடைய விரலுறைகள். பற்றாசுக்கோலைப் பிடிக்கத் தெரிந்தவன், எந்தப் பொருள் எந்தச் சூட்டில் இளகும் என்பதைக் கையாலறிந்தவன் மட்டுமே இதைச் செய்வான். கவின்கலைக் கல்லூரியிலிருந்து வந்த இளைஞன் ஒருவனுக்கு இந்த விபத்து நேர்ந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று நமக்குத் தெரியாது. வெல்டிங் வேலைசெய்த இளைஞன் என்ன செய்தான் என்பதைக் கண்ணாரக் காண்கிறோம்.

அத்தோடு முடியவில்லை. உறைக்குள்ளே இருக்கும் விரல் நுனிக்குத் தந்தியின் உணர்வு தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் தொட்டறிய முடியாது. காதாலே கேட்டறிய வேண்டும். அக்காலத்துக் கிற்றார்த் தந்திகள் அவருக்கு மிகத் தடிப்பானவை. ஆகவே பஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கி மாட்டினார். பின்னர் தந்திகளையே தளர்த்திக் கட்டத் தொடங்கினார். 1971 இல் வெளிவந்த 'மாஸ்ரர் ஒஃப் றியாலிற்றி' இசைத்தட்டில் தந்திகள் வழமையினும் மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டப்பட்டவை. தளர்ந்த தந்தி காயப்பட்ட விரலுக்கு இணங்குகிறது. தளர்ந்த தந்தியின் ஒலியோ ஆழமாகிறது, இருள்கிறது, நிலத்துக்கடியிலிருந்து வருவதுபோல் அதிர்கிறது. பல விரல்களை விரித்துப் பிடிக்கும் சிக்கலான சுரக்கூட்டுகளை விலக்கி, இரண்டு மூன்று விரல்களாற் பிடிக்கக்கூடிய, ஆனால் செறிந்தொலிக்கும் கூட்டுகளை அவர் தேடினார். ஹெவி மெற்றல் என்று பின்னாளிற் பெயர்பெற்ற அந்த ஒலி இவ்வாறு, ஒரு கருவியைப் பழுதுபார்க்குந் தொழிலாளியின் சிந்தனை முறையாலே, முயன்று பார்த்துத் தவறித் திருத்தி மீண்டும் முயன்று பார்க்கும் முறையாலே, துண்டு துண்டாகச் செய்யப்பட்டது. 'செய்யப்பட்டது' என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். அருளப்பட்டதன்று, செய்யப்பட்டது.

இங்கே அகத்தூண்டல் என்னும் பழைய பூச்சாண்டி தலைகாட்டும். கருவியைச் செய்யலாம், கற்பனையைச் செய்யமுடியுமா, அது எங்கோ மேலிருந்தல்லவா இறங்குகிறது என்பர் கலை கலைக்காகவே என்னுங் கட்சியினர். மேலிருந்து எது இறங்கிற்றென்று ஆதாரத்துடனே பார்ப்போம்.

குழு முதலில் 'ஏர்த்' என்ற பெயரில் புளூஸ் இசை வாசித்து வந்தது. அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்கெதிரே ஒரு படமாளிகை. பயங்கரப் படம் ஒன்றுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். பயப்படுவதற்கு மனிதர் பணம் கொடுக்கிறார்களே, நாம் ஏன் பயமூட்டும் இசையை ஆக்கக்கூடாதென்ற யோசனை அங்கேதான் பிறந்ததென்று அயோமி கூறியிருக்கிறார். 'பிளக் சபத்' என்ற பெயரும் 1963 இல் வெளிவந்த அத்தகைய படமொன்றின் பெயரே. இன்னொரு நாள் பட்லர், தமக்கு மிகவும் பிடித்த குஸ்தாவ் ஹோல்ஸ்ற்றின் 'கிரகங்கள்' என்ற வாத்தியத் தொகுப்பிலுள்ள 'செவ்வாய்' பகுதியைப் பயிற்சியின்போது வாசித்துக் கொண்டிருந்தார். போரைக் குறிக்கும் இசை அது. மறுநாள் அயோமி மூன்று சுரங்கொண்ட குறுந்தொடர் ஒன்றுடன் வந்தார். குழுவின் பெயரைத் தாங்கிய முதற் பாட்டு அதிலிருந்து எழுந்தது.

ஹோல்ஸ்ற் என்றதும் உயர்குடி இசைமேதை என்று நம் நண்பர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இலண்டனில் பெண்கள் பாடசாலையொன்றிலே சங்கீதம் படிப்பித்து வயிறு வளர்த்த ஆசிரியர் அவர். உழைக்கும் ஆண் பெண்களுக்கான மோர்லி கல்லூரியில் மாலை வகுப்பு நடத்தியவர். இளமையில் ஹமர்ஸ்மித் சோஷலிஸ்ற் பாடகர் குழுவை இயக்கியவர். மனைவியைச் சந்தித்ததும் அங்கேயே. வேடிக்கை என்னவென்றால் அவருக்கும் வலக்கையில் நரம்பு நோய். பியானோக் கலைஞராகும் ஆசையை அதனாற் கைவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு ஊதுகுழல் வாசித்துத் திரிந்தார். நோய்ப்பட்ட கையுடைய ஒரு பள்ளி ஆசிரியரின் இசை, கணக்கெழுதும் ஓர் இளைஞர் வழியாக, விரலறுந்த ஒரு வெல்டிங் தொழிலாளியை வந்தடைந்தது. மேலிருந்து இறங்கிய அருள் இதுதான்! மனிதரிடமிருந்து மனிதருக்குக் கைமாறிய உழைப்பைத் தவிர இதில் வேறெதுவும் நம் கண்ணுக்குத் தென்படவில்லை.

1968 டிசெம்பரில் அயோமி சில வாரங்கள் 'ஜெத்ரோ ரல்' என்ற இன்னொரு குழுவிற் சேர்ந்திருந்தார். அங்கு அவர் கண்ட புதுமை சுரத்திலோ தாளத்திலோ இல்லை. காலையில் ஒன்பது மணிக்கெல்லாம் அவர்கள் பயிற்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்பதே. திரும்பிவந்து தம் நண்பர்களையும் அவ்வாறே அதிகாலையில் எழுப்பி வேலைவாங்கினார். ஆலைச் சங்குக்குத் தப்பியோடிய நால்வர் தாங்களாகவே ஒன்பது மணியை ஏற்றுக்கொண்டனர். 1969 ஒக்ரோபரில் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஒரே நாளில் தம் முதல் இசைத்தட்டைப் பதிந்து முடித்தனர். 1970 பெப்ரவரி 13 இல் அது வெளிவந்தது. அவ்வாண்டே வந்த இரண்டாவது தட்டின் நேரத்தை நிரப்ப இன்னுமொரு சிறு பாட்டு வேண்டுமென்றபோது, அரைமணி நேரத்துக்குள் 'பரனோயிட்' ஆக்கப்பட்டது. அரைமணி நேரத்திற் பிறந்த அற்புதம் என்பார்கள். தச்சனொருவன் கதவொன்றை ஒரு மணி நேரத்தில் மாட்டி முடித்தால் அதை நாம் அற்புதமென்பதில்லை; கை தேர்ந்தவன் என்கிறோம். கலைஞனுக்கும் அந்த மரியாதை போதும்.

இதுவரை ஒரு பக்கத்தாருடன் வழக்காடினோம். மறுபக்கத்தில் நிற்போர் நமக்கு நெருங்கியவர்கள். அவர்களோடு வாதிடுவது சங்கடமானது. எனினும் தவிர்க்க முடியாதது.

றொக் இசை ஏகாதிபத்தியத்தின் கூச்சல், நசிவின் ஓலம், இளைஞரை மயக்கும் அபின் என்று கூறி ஒதுக்கும் இடதுசாரி நண்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய துணையும் உண்டு. அடோர்னோ 1941 இல் எழுதிய கட்டுரையில் ஜனரஞ்சக இசை யாவும் ஓரச்சில் வார்த்த பண்டமென்று கடுமையாக வாதிட்டார். பண்டமென்றதில் அவருடன் நமக்குப் பிணக்கில்லை. விற்பனைக்கு வந்த இசை பண்டந்தான். ஆனால் அச்சை வார்ப்பவனும் ஒரு மனிதன், வார்க்கும்போது அவன் தன் அநுபவத்தையும் சேர்த்தே வார்க்கிறான் என்பதை அந்தப் பேரறிஞர் தம் மேசையிலிருந்து காணவில்லை. நம் நாட்டிலும் அறுபதுகளில் முற்போக்கு எழுத்தாளர் உழைப்போரின் பேச்சை ஏட்டில் ஏற்றியபோது, இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் முகஞ்சுளித்தார்கள். அந்த வசையைத் தாங்கி நின்றவர்களின் வாரிசுகளே, பேர்மிங்காம் தொழிலாளியின் ஒலியைக் கேட்டதும் அதே பண்டிதர்களின் முகத்தை இரவல் வாங்கி அணிந்துகொள்வது விந்தையிலும் விந்தை!

நண்பர்கள் அருவருக்கும் அந்தக் 'கூச்சல்' எதைப் பற்றியது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? இரண்டாவது இசைத்தட்டின் முதற் பாட்டு 'வோர் பிக்ஸ்', போர்ப்பன்றிகள் என்று பொருள். போரை மூட்டுவோர் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ள ஏழைகள் களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம். வியட்னாமிற் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 1970 இல் இதைப் பட்லர் எழுதினார். தட்டுக்கும் அப்பெயரையே இட எண்ணியிருந்தார்கள். கடைசியிற் பெயர் 'பரனோயிட்' என்று மாறிற்று, வாளேந்திய மனிதனின் அட்டைப்படம் மட்டும் மாறாமல் நின்று விழித்தது. அதே தட்டில், அந்தப் போரிலிருந்து போதைக்கு அடிமையாகித் திரும்பிய சிப்பாய்களைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. இவர்களைப் பேயை வணங்குவோரென்று மதவாதிகள் தூற்றினார்கள். தீமை அண்டாதிருக்க அவர்கள் கழுத்தில் அணிந்த அலுமினியச் சிலுவைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? கருவிகள் செய்யும் தொழிலாளியாகிய ஒஸ்போர்னின் தந்தை தம் கையாற் செய்து கொடுத்தவை அவை.

இவர்கள் மட்டும் விதிவிலக்குமல்லர். பேர்மிங்காமுக்கு அண்மையிலுள்ள வோல்சோலில் வளர்ந்த றொப் ஹல்ஃபோர்ட், பாடசாலைக்கருகிலிருந்த உலோக ஆலையின் அதிர்விலே தம் மேசை நடுங்கியதைச் சொல்லியிருக்கிறார். 'ஜூடாஸ் பிறீஸ்ற்' குழுவில் அவருடன் கிற்றார் வாசித்த கிளென் ரிப்ரன், அரசுக்குச் சொந்தமான உருக்குக் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தவர். 1980 இல், உருக்குத் தொழிலாளர் சனவரி முதல் ஏப்பிரல் வரை நாடளாவி வேலைநிறுத்தம் செய்தவேளை, அக்குழு பதிவுசெய்த இசைத்தட்டின் பெயர் 'பிறிற்றிஷ் ஸ்ரீல்'. உலோகப் படை நடந்துவரும் ஓசைக்காக அவர்கள் கரண்டிகள் நிறைந்த தட்டுகளைக் குலுக்கினார்களாம்! வறிய வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் புத்தி.

நண்பர்கள் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளட்டும். கூச்சலென்று இகழ்வதோடு நில்லாது சிறைக்கதவையுந் திறந்த ஓர் அரசு இருந்தது. அது சோஷலிஸத்தின் பெயராலேயே நடந்தது. 1976 செப்ரெம்பரில் செக்கோஸ்லவாக்கியாவில் 'பிளாஸ்திக் பீப்பிள் ஒஃப் த யூனிவேர்ஸ்' என்ற றொக் குழுவின் வட்டத்தைச் சேர்ந்த நால்வருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கின் எதிரொலியாகவே 1977 சனவரியில் 'சாசனம் 77' பிறந்தது. பாட்டுக்கு அஞ்சிய ஆட்சி தன் எதிரிகளைத் தானே ஒன்றுகூட்டிற்று. இதைக் கூறும்போது நமக்கு மகிழ்ச்சியில்லை.

ஆனால், றொக் கலைஞனென்றாற் போராளியென்று மறுகோடிக்கு ஓடுவதும் பேதைமை. 1976 ஓகஸ்றில், அதே பேர்மிங்காமின் மேடையொன்றில், எரிக் கிளப்ரன் குடிவெறியில் குடியேறியோரை இகழ்ந்து, இனவாத அரசியல்வாதி இனொக் பவலுக்கு ஆதரவு கூறினார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையால் வாழ்வு பெற்ற வாய் பேசிய பேச்சு அது! அதற்குப் பதிலாக எழுந்ததே 'இனவாதத்துக்கெதிரான றொக்' இயக்கம். 1978 ஏப்பிரல் 30 இல் இலண்டன் விக்ரோறியாப் பூங்காவில் அது கூட்டிய பெருங்கூட்டத்தில், 'த கிளாஷ்' குழுவோடு 'ஸ்ரீல் பல்ஸ்' என்ற கறுப்பினக் குழுவும் வாசித்தது. பேர்மிங்காமின் ஹான்ட்ஸ்வேத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒரே நகரம் இரண்டு குரல்களையுங் கேட்டது. பிளக் சபத் குழுவினரோ எந்த இயக்கத்தையும் நடத்தியவர்களல்லர். புகழ் வந்ததும் மாளிகையும் போதையும் வந்தன. எழுபதுகளில் அவர்கள் அழித்த பணமும் உடல்நலமும் கொஞ்சமன்று. அவர்களை நாம் வழிபடவில்லை. அவர்கள் எவ்வாறு உழைத்தார்கள் என்றே கேட்கிறோம்.

உழைத்தார்கள் என்றால், கூலி யாருக்குப் போயிற்று என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பரிசளிப்பு விழாக் கதை இந்த இடத்தில் 'பெருஞ்செல்வம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். 1975 இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டின் பெயர் 'சபொற்றாஜ்', அதாவது நாசவேலை. பழைய முகாமையாளருடன் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது; ஒலிப்பதிவுக் கூடத்துக்கே சட்டப் பத்திரங்கள் வந்து சேர்ந்தன. விற்பனையான தட்டுகளுக்கும் தங்கள் கைக்கு வந்த தொகைக்குமுள்ள இடைவெளியை, கணக்கெழுதப் பயின்ற பட்லரைக் கூட வைத்திருந்தும், அவர்கள் உரிய காலத்தில் அறியவில்லை. தகட்டு ஆலையிலாவது வாரமுடிவில் எண்ணிப் பார்க்க ஒரு கூலியுறை இருந்திருக்கும்.

பின்னரும் அது தீரவில்லை. நால்வரும் மீண்டும் ஒன்றுகூடிப் புதிய இசைத்தட்டொன்றைச் செய்ய முற்பட்டபோது, கையெழுத்திடக்கூடிய ஒப்பந்தமொன்றைத் தராவிட்டால் தாம் வரப்போவதில்லையென்று 2012 பெப்ரவரியில் பில் வோட் பகிரங்கமாக அறிவித்தார். மறுதரப்பார் அவருடைய உடல்நிலையைக் காரணமாகக் கூறினர். எது முழு உண்மையென்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் உலகப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் அறுபத்து மூன்று வயதில், நாட்கூலிக்காரனைப்போல் ஒப்பந்தத்தைத் தாருங்கள் என்று ஊரறியக் கேட்கவேண்டி வந்ததே, அது போதாதா? அவரின்றியே '13' என்ற அந்த இசைத்தட்டு 2013 இல் வெளிவந்தது. பிரித்தானியாவில் முதலிடமும் பெற்றது. அதை ஆக்கிய காலத்தில் அயோமி நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். சிகிச்சை நாட்களுக்கிடையே வாசித்து முடித்தார். இதையும் நாளை எவரேனும் வரமென்று மேடையிற் சொல்லக்கூடும்.

இனி அந்த நகரத்தின் நிலையைச் சொல்லவேண்டும். கலைஞர்களைக் கொண்டாடுவதில் பேர்மிங்காம் இன்று குறைவைக்கவில்லை. 2019 இல் நகர மத்தியிலுள்ள பாலமொன்றுக்குப் பிளக் சபத்தின் பெயர் சூட்டப்பட்டது. 2023 செப்ரெம்பரில் பேர்மிங்காம் றோயல் பலே நிறுவனம் இவர்களுடைய இசைக்கு நடனம் அமைத்து அரங்கேற்றியது. அதற்கு வழிகாட்டிய கார்லோஸ் அக்கோஸ்தா, கியூபாவில் லொறிச் சாரதியொருவரின் பதினொரு பிள்ளைகளுள் ஒருவர். நாசூக்கானோர் மூக்கைப் பொத்திய ஒலியைப் பலே மேடைக்குக் கொண்டுவர அத்தகைய ஒருவர் வரவேண்டியிருந்தது. அதே செப்ரெம்பரில், ஐந்தாந் திகதி, மாநகரசபை தன் செலவைத் தாங்க இயலாதென்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் சமசம்பளம் கொடாதிருந்ததாற் குவிந்த பாக்கி, சொல்லப்பட்ட பிரதான காரணங்களுள் ஒன்று. ஈடுசெய்ய வெட்டப்பட்டவற்றுள் கலை நிறுவனங்களுக்கான மானியமும் அடங்கும்: முதலாண்டிற் பாதி, அடுத்த ஆண்டில் முழுவதும். அந்தப் பலே நிறுவனமும் தப்பவில்லை. இன்றைக்குப் பதினேழு வயதில், வாத்தியம் வாங்கப் பணமின்றி அஸ்ரனில் இருக்கும் பிள்ளைக்கு, பாலத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது.

2025 யூலை 5 ஆந் திகதி, தாங்கள் பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு அண்மையிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசித் தடவையாக ஒன்றாக வாசித்தார்கள். நால்வரும் சேர்ந்து மேடையேறி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. முரசின் பின்னால் வோட் இருந்தார். நோயினால் எழுந்து நிற்க முடியாத ஒஸ்போர்ன் ஆசனத்தில் அமர்ந்து பாடினார். பதினேழு நாட்களில் அவர் மறைந்தார். வருமானம் மருத்துவ அறப்பணிகளுக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. முதலில் 'வோர் பிக்ஸ்' பாடினார்கள். நகரத்துக் கழிவகற்றும் தொழிலாளர், தங்கள் பதவியையும் சம்பளத்தையும் குறைப்பதை எதிர்த்து மார்ச் 11 இல் தொடங்கிய முழு வேலைநிறுத்தம் அப்போது நான்காவது மாதத்தில் இருந்தது. மேடையிலே அயோமி, பதினேழு வயதிலிருந்து செய்துவந்ததுபோல், வலக்கையின் இரண்டு விரல்களிலும் உறைகளை மாட்டியிருந்தார்.